சாய்ந்ததும் சாய்த்ததும்

அந்தக் காலத்தில், விலங்குகளும் மனிதரோடு உட்கார்ந்து ஊர்வழக்குப் பேசிய நாளில், தமிழில் 'சாய்ந்தது' என்ற சொல் மட்டும்தான் இருந்தது. மரம் சாய்ந்தது, வண்டி சாய்ந்தது என்பார்கள். யாரால் என்று சொல்ல அந்தச் சொல்லில் வழி இல்லை.

காராயி ஒரு கோடை முழுவதும் ஏரிமண்ணைத் தலையில் சுமந்து, தனியாளாக ஒரு வீடு எழுப்பியிருந்தாள். ஒருநாள் மத்தியானம் ஊர்த்தலைவர் மாசாணத்தின் யானை வந்து அதன் மேற்குச் சுவரில் முதுகை உரசியது. சுவர் கோணிக்கொண்டு போய்த் தெருவில் விழுந்தது. அங்கே கட்டியிருந்த அவளுடைய ஆட்டின் பின்னங்கால் அதில் சிக்கிக்கொண்டது.

ஊர் கூடியது.

"முதுகு அரித்தது, உரசினேன். சுவர் சாய்ந்தது" என்றது யானை.

"ஆமாம், சாய்ந்தது. என் கால் உடைந்தது" என்றது ஆடு. அதற்கும் வேறு சொல் தெரியாது.

மாசாணம் தொண்டையைச் செருமினார். "உன் ஆடே சொல்லிவிட்டது, காராயி. தெருவில் சாய்கிற சுவரை வைத்திருப்பவளுக்கு இந்த ஊரில் மனை கிடையாது. நாளைக்குக் காலி செய்துவிடு."

காராயி முன்னே வந்தாள். "அது தானாகச் சாயவில்லை, ஐயா."

"பிறகு?"

"யானை…" என்றவள் நின்றாள். யானை சாய்ந்தது என்றால் யானை அல்லவா விழுந்ததாகிவிடும்? கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை அவளால் பொறுக்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சொன்னாள். கோபத்தில் அந்த மெல்லிய 'ந்' வாயில் வரவே இல்லை. அது இருந்த இடத்தில் நாக்கு ஓங்கி அடித்தது.

"என் சுவரை யானை சாய்த்தது."

ஆடு தலையைத் தூக்கியது. "என் காலை யானை உடைத்தது" என்றது. பின்வரிசையிலிருந்து ஒரு பரிசல்காரர் எழுந்தார். "போன மாசம் என் பரிசலை முதலை கவிழ்த்தது."

"அப்படியொரு சொல்லே கிடையாது" என்றார் மாசாணம்.

"இப்போது இருக்கிறது, ஐயா" என்றாள் காராயி.

ஊரே அந்தச் சொல்லைச் சொல்லத் தொடங்கிய பிறகு அவரால் தீர்ப்பைக் காப்பாற்ற முடியவில்லை. யானை எட்டு நாள் சுவருக்கு மண் மிதித்துக் கொடுத்தது, சுவர் எழுந்தது. ஆட்டின் கால் நேராகவில்லை. காராயியின் கோபமும் ஆறவில்லை.

தானாக நடந்ததை மெல்லெழுத்தாலும், ஒருவர் செய்ததை வல்லெழுத்தாலும் தமிழர் சொல்வது அன்று முதல்தான். செய்தவர்கள் மட்டும் இன்றைக்கும் 'சாய்ந்துவிட்டது' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.