பன்னிரு தோல் அழகன்

எங்கள் ஊர் பக்தி இலக்கிய மன்றத்துக்கு ஆவுடைநாயகம்தான் தலைவர். தம் பாட்டெல்லாம் முருகன் கனவில் வந்து சொன்னது என்பார். மன்றமே வாயை மூடிக்கொண்டு கைதட்டும்.

அவருடைய புதுப் புத்தகத்துக்குப் புரூஃப் பார்த்தவர் தங்கபுஷ்பம். முதல் பாட்டிலேயே "பன்னிரு தோல் அழகா" என்று இருந்தது.

"ஐயா, தோள்னு வரணும். திருத்திடட்டுமா?"

"முருகன் வாக்கிலேயே கை வைப்பியா? ஓர் எழுத்து மாறக்கூடாது. ஆனா புத்தகத்துல பிழைன்னு எவனாவது சொன்னான், உனக்கு இங்கே வேலை கிடையாது!"

தங்கபுஷ்பம் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் மன்றத்தார் எல்லோர் முன்னாலும் அட்டையின் மாதிரியை நீட்டினார். அதில், "ஆசிரியர்: முருகன்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

தலைவர் துள்ளி எழுந்தார். "என் பேர் எங்கேம்மா?"

"சொன்னவர் பேரைத்தானே ஐயா போடணும்?"

"யார் சொன்னது? ஆறு மாசமா முதுகு ஒடிய உட்கார்ந்து எழுதினவன் நான்! அதுல ஒவ்வோர் எழுத்தும் என்னோடது!"

"அப்பாடா!" என்றார் தங்கபுஷ்பம். "முருகனுக்குத்தான் லகர ளகரம் தெரியலையோன்னு நேத்தெல்லாம் பயந்து கிடந்தேன்."

சிவப்புப் பேனாவைத் திறந்தார்.