ஆட்காட்டியின் கண்ணோரச் சிவப்பு

அந்தக் காலத்தில் பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசினார்கள். அப்போது கடல் நடுவே ஒரு தீவு இருந்தது. அதன் அரசன் செத்ததும் மகன்கள் இருவரும் அடித்துக்கொண்டார்கள். தீர்த்துவைக்க ஒரு கப்பல்காரனைக் கூப்பிட்டார்கள். ஊருக்குப் புதியவன் என்பதால் நியாயமானவன் என்று நினைத்துவிட்டார்கள்.

அவன் வடகடலிலிருந்து தென்கடல் வரை நேராக ஒரு கோடு கிழித்தான். மேற்கு அண்ணனுக்கு, கிழக்கு தம்பிக்கு. தலைநகரின் சந்தைக்கு நடுவிலேயே கோடு போனது. உப்புக் கடை ஒரு நாட்டுக்கும் மிளகாய்க் கடை இன்னொரு நாட்டுக்கும் சேர்ந்தன. கூலியாகத் தீவின் நல்ல துறைமுகங்கள் இரண்டையும் கப்பல்காரன் தனக்கே வைத்துக்கொண்டான். அண்ணனும் தம்பியும் அவனைக் கும்பிட்டு அனுப்பினார்கள், வெட்கங்கெட்டவர்கள்!

கோட்டின் இருபுறமும் கொஞ்சம் நிலத்தைத் தரிசாக விட்டார்கள். அதில் கால் வைப்பவர் மேல் இரண்டு பக்கத்து வில்லாளிகளும் அம்பு விடலாம். ஆனால் புல் வளர்ந்து ஆளை மறைத்தது. அதனால் ஆட்காட்டிக் குருவியைக் காவலுக்கு வைத்தார்கள்.

"யாராவது வந்தா சத்தம் போடு. இந்தத் தரிசு பூரா உனக்குத்தான். ஏர் வராது, மாடு வராது" என்றான் அண்ணன்.

தரையில் முட்டையிடும் பறவை அது. வருஷா வருஷம் மாட்டுக் குளம்பில் முட்டைகளைப் பறிகொடுத்திருந்தது. உடனே தலையாட்டிவிட்டது.

மேற்கில் பூரணம் என்று ஒருத்தி இருந்தாள். கோடு போடுவதற்கு முன்பே அவள் மகள் கிழக்கில் வாழ்க்கைப்பட்டுக் கர்ப்பமாகியிருந்தாள். ஒருநாள் காலையில் மருந்து மூட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு பூரணம் புல்லுக்குள் தவழ்ந்து வந்தாள். ஆட்காட்டிக்கு அவளை நன்றாகத் தெரியும். முன்பு அறுவடையில் அதன் முட்டைகளைக் கண்டு, அந்த இடத்துக் கதிரை மட்டும் அறுக்காமல் விட்டவள் அவள்தான்.

"சத்தம் போட்டுராதேம்மா. மகளுக்குத் தலைப்பிரசவம், இன்னைக்கோ நாளைக்கோ வலி கண்டிரும்" என்றாள்.

"முட்டை பொரியப் போகுதுக்கா. கத்தலேன்னா என்னை விரட்டிருவாங்க."

"அன்னைக்கு உன் முட்டைய நான் மிதிச்சேனா?"

ஆட்காட்டி முட்டைகளைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. பிறகு மேலே பறந்து கத்தியது.

இரண்டு பக்கமிருந்தும் அம்புகள் வந்தன. பூரணம் விழுந்தாள். அவள் ரத்தம் ஆட்காட்டியின் கண்ணோரம் தெறித்தது. அவள் விழுந்தது யார் நிலத்தில் என்று அளக்க இரண்டு படைகளும் ஓடிவந்தன. அவர்கள் மிதித்த மிதியில் முட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை. "எல்லையைக் காத்தோம்" என்று அண்ணனும் சொன்னான், தம்பியும் சொன்னான். இருவரும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். கிழக்கே மகள் வலியில் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போய்ச் சொல்லக்கூட யாருக்கும் வழியில்லை.

ஆட்காட்டி அன்றோடு மனிதப் பேச்சை விட்டுவிட்டது. அன்று முதல்தான் அதன் கண்ணோரத்தில் அந்தச் சிவப்பு. அன்று முதல்தான் ஆளைத் தூரத்தில் கண்டதுமே, "வராதே, திரும்பிப் போ" என்று தன் பறவைப் பேச்சில் தொண்டை கிழியக் கத்துகிறது. அந்தச் சத்தம் கேட்டதும் இரண்டு பக்கத்து வில்லாளிகளும் அம்பைத்தான் எடுக்கிறார்கள்.