குறையாத சுருட்டும் மச்சான் பிடித்த கயிறும்

வெகு வெகு காலத்துக்கு முன்னே, கடலில் உப்புச் சரியாக இருக்கிறதா என்று மீன்கள் இன்னும் ருசி பார்த்துக்கொண்டிருந்த காலத்திலே, பவளத்துறை என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே வலம்புரியான் என்று ஒருவன், முத்துக் குளிப்பவன். இடுப்பில் கயிறு, காலில் கல். கடலுக்குள் இறங்கினால் இருநூறு எண்ணும்வரை மூச்சைப் பிடிப்பான். 'இவன் எப்போது போய்த் தொலைவான்' என்று சுறாக்கள் கொட்டாவி விடுமாம்!

மேலே தோணியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறவன் அவன் மச்சான் சேந்தன். பவளத்துறையில் அதுதான் சட்டம். அண்ணன் தம்பி கயிறு பிடிக்கக்கூடாது. பங்காளி கை எப்போது தளரும் என்று யார் கண்டது? மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்கவேண்டும். தங்கையின் தாலியே அந்தக் கயிற்றில் தொங்கும்போது அவன் கண்ணை இமைப்பானா?

ஒரு மழைநாள். கவிழ்த்த தோணிமேல் சாம்பல் நிறக் கிழவன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். புகைச்சித்தன் என்று பெயர்.

"தம்பி, குளிர்கிறதா?"

"குளிர்கிறது."

"இந்தா சுருட்டு. எத்தனை இழுத்தாலும் குறையாது."

"விலை?"

"ஒன்றுமில்லை. நீ இழு, நீ விடு. விடுகிறதை நான் எடுத்துக்கொள்கிறேன்."

இழுத்தான். விட்டான். அந்தப் புகை காற்றோடு போகவில்லை. காற்றை எதிர்த்துக்கொண்டு, கடலுக்குள் இருந்த மணல்திட்டை நோக்கிப் போயிற்று.

வருஷம் மூன்று போயிற்று. இருநூறு நூற்றைம்பதாயிற்று, நூறாயிற்று, அறுபதாயிற்று.

"என்ன மாப்பிள்ளை, அறுபதுக்கே கயிற்றை ஆட்டுகிறீர்?" என்றான் சேந்தன். "சிப்பி பொறுக்கப் போனீரா, தலை நனைக்கப் போனீரா?"

வலம்புரியான் சிரிக்கப் பார்த்தான். இருமல்தான் வந்தது.

அந்தத் துறையில் சித்தனிடம் சுருட்டு வாங்கியவர்கள் இன்னும் மூன்று பேர். அந்த வருஷம் முதலாமவன் கயிறு வெறுங்கயிறாக வந்தது. இரண்டாமவன் கயிறு அறுந்து வந்தது. மூன்றாமவனைக் கயிறு மேலே கொண்டுவந்தது. ஆனால் அவன் வரவில்லை.

வலம்புரியானின் மனைவி தாழை அழுதுகொண்டு உட்காரவில்லை. புகை போன வழியே தோணியை விட்டாள். மணல்திட்டில் வரிசையாக ஜாடிகள். ஒன்றில் காதை வைத்தாள். உள்ளே அவள் புருஷன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். காவலுக்கு இருந்த மஞ்சள் நண்டு கொடுக்கை ஆட்டிற்று.

"கல்லால் உடையாது அம்மா. மூச்சுக்குச் சொந்தக்காரனே நூறு எண்ணும்வரை விடாமல் ஊதினால் உடையும். ஒன்று உடைந்தால் மற்றதும் உடையும்."

"அவருக்கு அறுபதுதானே இருக்கிறது?"

"இழுக்காமல் இருந்தால் ஊறும். கிணறு ஊறாதா?"

வலம்புரியான் சுருட்டைக் கடலில் எறிந்தான். வீட்டுக்கு வந்தால் தலையணைமேல் கிடந்தது. அடுப்பில் போட்டான், தலையணைமேல் கிடந்தது. மண்ணில் புதைத்தான், தலையணைமேல் கிடந்தது. எறிய முடியாது, எரிக்க முடியாது, புதைக்க முடியாது. இழுக்காமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

"அண்ணே, ஒரே ஒரு இழுப்பு" என்று கெஞ்சிற்று சுருட்டு. அவனுக்கு வியர்த்தது. கஞ்சிச் சட்டியைச் சுவரில் எறிந்தான். தாழை முத்துக்குளிக்கும் கயிற்றை எடுத்து அவன் இடுப்பில் கட்டி, மறுமுனையை அடுத்த வீட்டுச் சேந்தன் கையில் கொடுத்தாள்.

"ஆசை வந்தால் கயிற்றை ஆட்டுங்கள். அண்ணன் எண்ணும். இதுவும் ஒரு முழுக்குத்தான்."

ஆட்டினான். சேந்தன் எண்ணினான். முந்நூறு எண்ணுவதற்குள் ஆசை அலைபோல எழுந்து, மண்டையில் அடித்து, திரும்பிப் போயிற்று. ஒரு மணி கழித்து மறுபடி வந்தது. மறுபடி எண்ணினான். சேந்தனுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று.

தினம் காலையில் கரையோரம் அவனை முழுகவிட்டு எண்ணிப் பார்ப்பார்கள். அறுபத்திரண்டு. எழுபது. நாற்பதாம் நாள் எண்பத்தெட்டு!

அன்றுதான் மூன்றாமவனுக்குக் கருமாதி; பவளத்துறையில் அதை ஒரு மண்டலம் கழித்துத்தான் செய்வார்கள். அவன் பிள்ளைக்கு மொட்டையடித்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்த வலம்புரியான், தன்னை அறியாமல் ஒரு இழுப்பு இழுத்துவிட்டான்.

"போச்சு!" என்று சிரித்தது சுருட்டு. "நாற்பது நாளும் போச்சு! இனி ஒன்றானால் என்ன, ஒன்பதானால் என்ன?"

நம்பிவிட்டான். ஒன்பது இழுத்தான்.

மறுநாள் காலை மச்சான் முகத்தில் விழிக்க வெட்கம். எவ்வளவு மிச்சம் என்று தானே பார்த்துக்கொள்ள நினைத்தான். வீட்டுக் கயிற்றை அவிழ்த்துப் போட்டான். தனியாகத் தோணியைத் தள்ளிக்கொண்டு ஆழத்துக்குப் போனான். பவளத்துறையில் யாரும் செய்யாததைச் செய்தான்: கயிற்றின் முனையைத் தோணிப் பலகையில் கட்டிவிட்டுக் குதித்தான்.

ஏழாள் ஆழம். மேலே எண்ணுவார் இல்லை. நெஞ்சு முட்டியதும் வழக்கம்போல் கயிற்றை ஆட்டினான். பதில் இல்லை. மறுபடி ஆட்டினான். பதில் இல்லை. பலகைக்கு ஏது தங்கை?

அவன் குதிப்பதற்குச் சற்று முன்பே, வீட்டில் கஞ்சிக்குக் கூப்பிடத் தாழை கயிற்றை இழுத்திருந்தாள். வெறுங்கயிறாக வந்தது. முதலாமவன் கயிறுபோல.

"அண்ணா!" என்று அலறினாள்.

சேந்தன் தோணியைப் பறக்கவிட்டான். இழுத்துப் போட்டபோது வலம்புரியான் நீலமாக இருந்தான். கறுப்பாகத் தண்ணீரைக் கக்கினான். கண் திறந்ததும் கன்னத்தில் ஒரு அறை விழுந்தது.

"அறையும் மச்சான். எல்லாம் போச்சு."

"யார் சொன்னது?"

"சுருட்டு."

"உமக்கு எண்ணுகிறவன் நானா, சுருட்டா? நீர் குதித்ததை வரும்போதே பார்த்தேன். எண்ணிக்கொண்டேதான் துடுப்புப் போட்டேன். எண்பத்தொன்றில்தான் உம் மூச்சுக்குமிழ் மேலே வந்தது. நேற்று எண்பத்தெட்டு, இன்று எண்பத்தொன்று. போனது ஏழு, ஐயா! மற்றது அப்படியே இருக்கிறது!"

மடியில் கிடந்த சுருட்டு 'ஈஸ்' என்றது. மூன்று வருஷமாகக் குறையாதது, ஒரு விரற்கடை குறைந்திருந்தது.

அதற்குப் பிறகும் இரண்டு முறை வழுக்கினான். மறைக்கவில்லை. அன்றன்றே கயிற்றை ஆட்டிச் சொன்னான். சொன்ன போதெல்லாம் சுருட்டு குறைந்தது. அது கட்டைவிரல் அளவானபோது மூச்சு நூறைத் தொட்டது. மூன்று பேரும் மணல்திட்டுக்குப் போனார்கள்.

"தம்பி, குளிர்கிறதா?" என்றான் சித்தன். கையில் புதுச் சுருட்டு.

"குளிர்கிறது. குளிரட்டும்."

ஜாடியில் வாயை வைத்து ஊதினான். சேந்தன் கயிற்றைப் பிடித்து எண்ணினான். எழுபதில் கண் இருண்டது. தொண்ணூறில் முழங்கால் மடிந்தது. சேந்தன் கயிற்றை இறுக்கி நிமிர்த்தினான். தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. நூறு!

ஜாடிகள் அத்தனையும் வெடித்தன. ஊரார் மூச்சில் ஊதிப் பெருத்திருந்த சித்தன் சுருங்கி, ஒரு வேட்டியும் ஒரு பிடி சாம்பலும் ஆனான். இறந்துபோன மூன்று பேரின் மூச்சும் கரைக்கு வந்து, அவரவர் வாசற்கதவை ஒருமுறை அசைத்துவிட்டுக் கடலுக்கே போய்விட்டன. அவற்றைத் திருப்பி வாங்க ஆள் இல்லையே.

வலம்புரியானுக்கு இருநூறு திரும்பவில்லை. நூற்று நாற்பதோடு நின்றுவிட்டது. அது போதும், ஜாதிக்காய் அளவு முத்து எடுக்க. அப்படி எடுத்த முத்துக்கு ராஜா கொடுத்த பரிசை நாலு பங்கு வைத்து, மூன்று பங்கை அந்த மூன்று வீட்டிலும் கொடுத்தான்.

இன்றைக்கும் மழைக்காற்று அடித்தால் அவன் விரல் இரண்டும் எதையோ தேடும். கயிற்றை ஆட்டுவான். அடுத்த வீட்டில் சேந்தன் வாய் நிறையச் சோற்றோடு, "ஒன்று... இரண்டு..." என்பான்.

முந்நூறு எண்ணியாயிற்று. நீங்களும் மூச்சை விடலாம்.