வேனோடு வந்த நோட்டீஸ்

மாவு அரைத்து விற்பதுதான் பேச்சியம்மாளின் பிழைப்பு. கடனில் வாங்கிய கிரைண்டருக்குப் போன மாதம் ஒரு தவணை தவறியதால், ஃபைனான்ஸ் மேனேஜர் தனசேகர் வேனோடு வந்து இறங்கினார்.

"நோட்டீஸ் போன மாசமே அனுப்பியாச்சு. தூக்குங்கடா கிரைண்டரை!"

"எனக்கு வரலையே சார்."

"இந்தா, இப்ப வாங்கிக்க. இன்னைக்குத் தேதி போட்டுக் கையெழுத்துப் போடு. நாளைக்கு வந்து வாங்கலேன்னு சாதிக்கக் கூடாது பாரு!"

நகலில் தேதியும் கையெழுத்தும் போட்டுக் கொடுத்த பேச்சியம்மாள், நோட்டீஸைத் தெருவுக்கே கேட்கும்படி வாசித்தாள். "கையில் கிடைத்த நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் கட்டாவிட்டால் பொருள் பறிமுதல்."

பிறகு நிமிர்ந்தாள். "அப்ப கெடு இன்னைக்குத்தானே சார் ஆரம்பிக்குது? நீங்களே தேதி போடச் சொல்லி வாங்கியிருக்கீங்க."

கிரைண்டரைப் பிடித்திருந்த ஆட்கள் மெல்லக் கையை எடுத்தார்கள். தனசேகர் வேன் பக்கம் திரும்பினார்.

"கெடுவுக்குள்ள கட்டிடுவேன். வேனைப் பாத்து எடுங்க சார், மாவு வாங்க ஆளுங்க நிக்கறாங்க," என்றபடி ஊறிய அரிசியைக் கிரைண்டரில் போட்டாள்.