பேங்குக்குப் பக்கத்தில் நாச்சிமுத்து குடிபோன கதை

மொச்சைக்காட்டுவலசில் புத்திசாலிகள் இல்லாமல் இல்லை. ஆனால் இந்தக் கதை நடந்த ஆடி மாதத்தில் அவர்கள் எல்லோரும் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். ஊரில் மிச்சம் இருந்தவர்கள் செங்கோடன், நாச்சிமுத்து, குழந்தைவேல் ஆகிய மூன்று பேர்.

மூவரும் கூட்டாகப் பந்தல் தொழில் செய்தார்கள். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எதுவானாலும் இரண்டு மணி நேரத்தில் கம்பை நட்டு, துணியைக் கட்டி, சேரைப் போட்டுவிடுவார்கள். கையில் அத்தனை வேகம். தலையில் மட்டும் கொஞ்சம் நிதானம்.

பந்தல் துணியைத் துவைப்பது நாச்சிமுத்துவின் மனைவி மயிலாத்தாள். பந்தியில் சாப்பிட்டு எழுந்தவன் கையை எதில் துடைக்கிறான் என்று நினைக்கிறீர்கள்? பதினோரு வருஷம் அவள் கல்லில் அடித்துத் துவைத்தாள். வைகாசியில் ஒரே முகூர்த்தத்துக்கு அறுபது துணி வந்து இறங்கியது. அறுபதிலும் சாம்பார். மயிலாத்தாள் ஒரு துணியையும் தொடவில்லை. நேராக உள்ளே போய் ஒரு பையை எடுத்தாள்.

"ஏனுங்க, துணி துவைக்கிற மெஷின் வாங்கி வெச்சுப்போட்டுச் சொல்லியனுப்புங்க. அன்னிக்கு வாரேன்" என்று தாராபுரம் பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆடி பிறந்தும் வரவில்லை. நாச்சிமுத்து மூன்று வேளையும் பன்னும் டீயும் தின்று பாதியாகிவிட்டான். ஒருநாள் ரோஷம் வந்து ரசம் வைத்தான். குழந்தைவேல் வந்து அதில் கையைக் கழுவிவிட்டுப் போனான்.

அதற்கு மேல் தாங்காது என்று மூவரும் டெம்போவை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனார்கள். கடைக்காரர் மெஷினைத் தட்டிக் காட்டினார். "மாசத் தவணைங்க. வட்டி கிடையாது. ஆனா கிரெடிட் கார்டு இருக்கணும்."

"அது எந்தக் கடையில விக்குதுங்க?" என்றான் நாச்சிமுத்து.

"பேங்குல கேளுங்க."

பேங்கில் தமயந்தி மேடம் இருந்தார். பஸ் ஸ்டாண்டு மைக்கில் அறிவிக்கிறவர்கள் மூச்சு விடாமல் சொல்வார்களே, அந்தக் குரல். "வயசு இருபத்தொண்ணுக்கு மேல அறுபதுக்குள்ள இருக்கணும், வருமானம் இருக்கணும், பழைய கடன் பாக்கி இருக்கக்கூடாது, ஃபாரத்துல எல்லாக் கட்டத்தையும் நிரப்பணும், ஒரு கட்டம் காலியா இருந்தாலும் திருப்பி அனுப்பிருவாங்க, அடுத்து யாருங்க."

ஃபாரத்தில் பேருக்கு முப்பது கட்டம் இருந்தது. நாச்சிமுத்துவை இங்கிலீஷில் எழுதினால் பத்து எழுத்து. மூவரும் பேங்க் பெஞ்சில் உட்கார்ந்து மிச்சமிருந்த இருபது கட்டத்தைப் பார்த்தார்கள்.

"எல்லாக் கட்டமும்னு சொன்னாங்களே மாமா" என்றான் நாச்சிமுத்து.

செங்கோடன் மூவரில் மூத்தவர். எதையும் யோசித்துத்தான் சொல்வார். "இன்னொருக்கா எழுது மாப்ளே."

எழுதினான். "இன்னும் பத்து இருக்குதுங்க."

"இன்னொருக்கா எழுது."

மூன்று நாச்சிமுத்து கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. ஒரு கட்டம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. செங்கோடனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா, உன் பேரை அளந்து பாத்துத்தான் கட்டமே போட்டிருக்காங்க."

மேடம் ஃபாரத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "நாச்சிமுத்து நாச்சிமுத்து நாச்சிமுத்து. இனிஷியல் இல்லையா?"

"அதுக்குக் கட்டம் பத்தலீங்க மேடம்."

மேடம் அதை விட்டுவிட்டு விலாசத்துக்கு வந்தார். "மொச்சைக்காட்டுவலசா? அது பதினாலு கிலோமீட்டர் ஆச்சே. எங்க ரூல்படி பேங்குல இருந்து பத்து கிலோமீட்டருக்குள்ள வீடு இருக்கணும். வீட்டைப் பார்க்க ஆள் வருவாரு, பக்கத்து வீட்டுலயும் விசாரிப்பாரு. நாலு கிலோமீட்டர் கிட்ட இருந்திருந்தா பண்ணியிருக்கலாம்."

மூவரும் வெளியே வந்து டெம்போ நிழலில் நின்றார்கள்.

"நாலு கிலோமீட்டருக்கு ஒரு தகராறா?" என்றான் குழந்தைவேல். "பேங்கை அந்த நாலு கிலோமீட்டர் நம்ம பக்கம் தள்ளி வெச்சா ஆகாதா மாமா?"

செங்கோடன் எதையும் சும்மா மறுக்கிறவர் இல்லை. போய்க் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தூணைத் தட்டிப் பார்த்தார். வாட்ச்மேன் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "காங்கிரீட்டு" என்றார் செங்கோடன் திரும்பி வந்து. "நம்ம டெம்போவுல ஏறாது."

"அப்ப எங்க வீட்டை எடுத்துட்டு வரலாமுங்களா?" என்றான் நாச்சிமுத்து.

"அது செங்கல்லு. எடுக்கலாம். திரும்ப அதே மாதிரி அடுக்கறதுக்குள்ள ஆவணி வந்துரும்."

"அப்ப மயிலா வரவே மாட்டாளுங்களா?"

டெம்போவில் இருந்த கம்பும் துணியும்கூடச் சோகமாகத்தான் கிடந்தன. செங்கோடன் அவற்றைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மாப்ளே, நாம என்ன தொழில் பண்றோம்?"

"பந்தலுங்க."

"பந்தலு எந்த ஊர்ல போட்டாலும் நிக்குமா நிக்காதா?"

நாச்சிமுத்துவின் முகத்தில் இரண்டு மாதமாக இல்லாத வெளிச்சம் வந்தது. குழந்தைவேல் கணக்குப் போட்டான். "அப்ப நாலு கிலோமீட்டர் இந்தப்பக்கமாப் போடலாமுங்க."

"எதுக்கு நாலோட நிறுத்தணும்? பேங்குக்கு எதுக்கயே போட்டுட்டா மேடத்துக்கு இன்னும் திருப்தியா இருக்கும்" என்றார் செங்கோடன்.

பேங்குக்கு எதிரே ஒரு காலி மனை. மனைக்காரர் ஆடி முடிகிறவரைக்கும் இருந்துகொள்ளச் சொன்னார். ஒரு மணி நாற்பது நிமிஷத்தில் வீடு எழும்பியது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, மஞ்சள் துணியில் சுவர், சரிகை வைத்த விதானம். கை பழக்கத்தில் வாசலில் இரண்டு வாழைமரத்தைக் கட்டி, உள்ளே நூறு சேரையும் போட்டுவிட்டார்கள். அந்த வழியாக வந்த இரண்டு பேர் உள்ளே வந்து உட்கார்ந்து, பந்தி எப்போது ஆரம்பம் என்று கேட்டார்கள்.

அவர்களை அனுப்பிவிட்டு வந்த குழந்தைவேலுக்கு ஒரு சந்தேகம். "பக்கத்து வீட்டுல விசாரிப்பாங்கன்னு மேடம் சொன்னாங்களே. நம்ம வீட்டுக்குப் பக்கத்து வீடே இல்லீங்களே மாமா."

"இல்லாட்டி போட்டுக்கறது" என்றார் செங்கோடன். அரை மணி நேரத்தில் பக்கத்து வீடும் வந்துவிட்டது. அதில் செங்கோடனும் குழந்தைவேலும் குடியேறினார்கள். குடியேறிய கையோடு, குப்பையை யார் வாசலில் கொட்டுவது என்று நாச்சிமுத்துவோடு ஒரு சண்டையும் போட்டுக்கொண்டார்கள். பக்கத்து வீடு என்றால் அதெல்லாம் இருக்கத்தானே வேண்டும்.

புது விலாசத்தை எழுதி ஃபாரத்தை மறுபடி பேங்கில் கொடுத்தார்கள். நான்காம் நாள் ஞானவேல் என்பவர் பைக்கில் வந்தார். வீட்டைச் சரிபார்க்கப் பேங்க் அனுப்பிய ஆள். அன்றைக்கு அவருக்குப் பதிமூன்று வீடு. அதனால் ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டுகிற வேலையெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. பேச்சு பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது.

"சொந்த வீடா, வாடகையா?"

"சொந்தமுங்க" என்றான் நாச்சிமுத்து. பொய் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. "வாடகைக்கு உடறதும் உண்டுங்க."

"இந்த வீட்டையேவா?"

"இதையுந்தானுங்க. முகூர்த்த மாசத்துல இது நம்ம கையில நிக்கறதே இல்லீங்க."

"வேற வீடு இருக்கா?"

"இதே சைஸுல இன்னும் மூணுங்க. பெருசா ரெண்டு. எழவுக்குன்னு சிறுசா ரெண்டு தனியா வெச்சிருக்கோம்."

ஞானவேல் எழுதிக்கொண்டார்: எட்டு வீடு, வாடகை வருமானம் உண்டு. அடுத்த கேள்வி கூரை. ஓடா, தகரமா, காங்கிரீட்டா, மற்றவையா என்று நான்கு கட்டம் இருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். சரிகைக் குஞ்சம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். இன்னும் ஒன்பது வீடு பாக்கி இருந்தது. 'மற்றவை'யில் ஒரு டிக் அடித்தார்.

பக்கத்து வீட்டில் தட்டுவதற்குக் கதவு இல்லை. ஞானவேல் வாசலில் நின்று "டக் டக்" என்று வாயால் சொன்னார்.

"யாருங்க?" என்றார் செங்கோடன், இரண்டடி தூரத்திலிருந்து.

"நாச்சிமுத்துவைத் தெரியுமா?"

"நல்லாத் தெரியுமுங்க. நாப்பது வருஷமா."

"அவர் இங்க வந்து எத்தனை நாளாச்சு?"

"நான் என்னிக்கு இந்த வீட்டுக்கு வந்தனோ, அன்னிக்கே அவனும் வந்துட்டானுங்க."

"ஆள் எப்படி?"

"குப்பை விஷயத்துல மட்டும் சரியில்லீங்க" என்றான் குழந்தைவேல் உள்ளேயிருந்து.

ஞானவேலுக்குத் திருப்தி. எல்லா ஊரிலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இதைத்தான் சொல்வார்கள். 'நாற்பது வருஷமாகக் குடியிருக்கிறார்' என்று எழுதிக்கொண்டு பைக்கை உதைத்தார்.

இருபதே நாளில் கார்டு வந்தது. மூன்று நாச்சிமுத்துவும் வரிசையாக மின்னின. கூடவே நான்கு இலக்கத்தில் ஒரு ரகசிய எண். அன்றைக்கே போனில் ஒரு பெண் குரல் தேன் ஒழுகப் பேசியது: "உங்கள் ரகசிய எண்ணை யாரிடமும் தெரிவிக்காதீர்கள்." "சரிங்க அம்மணி" என்று நாச்சிமுத்து சத்தியம் பண்ணிக் கொடுத்தான். அந்தக் குரல் அதையே திரும்பச் சொன்னது. இவனும் திரும்பச் சத்தியம் பண்ணினான். ஏழாவது சத்தியத்தில் குழந்தைவேல்தான் போனைப் பிடுங்கி வைத்தான்.

கடையில் ஒரு சின்ன மெஷினை நீட்டி நம்பரை அழுத்தச் சொன்னார்கள். நாச்சிமுத்து முதலில் செங்கோடனையும் குழந்தைவேலையும் திரும்பி நிற்கச் சொன்னான். அப்புறம் கடைக்காரரை. அப்புறம் கல்லாவுக்கு மேலே இருந்த சாமி படத்தை, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அவனே சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான். எல்லாம் முடிந்து விரலை நீட்டினவன் நிறுத்திவிட்டான். கடை முழுக்க முப்பது டிவி ஓடிக்கொண்டிருந்தது. முப்பதிலும் ஒரே அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிவியை அமத்துங்க" என்றான்.

"அது வெறும் நியூஸுங்க" என்றார் கடைக்காரர், சுவரைப் பார்த்துக்கொண்டே.

"அதனாலதானுங்க சொல்றேன். அந்தம்மா பார்த்தா ஊருக்கே வாசிச்சுப்போடுவாங்க."

முப்பது டிவியும் அணைந்தது. நாச்சிமுத்து நம்பரை அழுத்தினான், துவைக்கிற மெஷின் விலை போனது. கார்டுக்குக் கொடுத்த விலாசத்தில்தான் இறக்குவோம், கடை ரூல் அப்படி என்றார்கள். இவர்களுக்கு ரூல் என்றால் ரூல். மெஷின் பேங்குக்கு எதிரே வந்து இறங்கியது. தாராபுரத்துக்குப் போன் போனது.

மறுநாள் காலை மயிலாத்தாள் பையோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். நாச்சிமுத்து வாழைமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். அவள் மெஷினைத் திறந்து பார்த்தாள், உள்ளே கையை விட்டுப் பார்த்தாள், மூடினாள். முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது.

"சரி, வீடு எங்கீங்க?"

"நீ நிக்கறதுதான் மயிலா."

மயிலாத்தாள் சுற்றிலும் பார்த்தாள். நடந்ததையெல்லாம் நாச்சிமுத்து முதலிலிருந்து சொன்னான். அவள் ஒரு சேரில் உட்கார்ந்து கேட்டாள். எழுந்து போய் ஹால் சுவரை விரலால் தடவி மோந்து பார்த்தாள்.

"இது வைகாசிச் சாம்பாருங்க."

"ஆமா. துவைக்க நீ இல்லையே."

"மெஷின் வந்த வீட்டுல இப்படியா ஒரு சுவரு இருக்கும்? கழட்டுங்க" என்று சேலையை இழுத்துச் செருகினாள்.

குழந்தைவேல் டெம்போவிலிருந்து ஜெனரேட்டரை இறக்கினான். செங்கோடன் டீக்கடையிலிருந்து தண்ணீருக்குக் குழாய் போட்டார். முதலில் ஹால் உள்ளே போனது. அடுத்து சமையல்கட்டு. பத்து மணிக்கெல்லாம் மனையில் வெறும் கம்பும் நூறு சேரும் நான்கு மனிதர்களும்தான் நின்றார்கள். மயிலாத்தாள் ஒரு சேரில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, மெஷின் தானாகச் சுற்றுவதை ராணி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னும் டீயும் இனி இல்லை என்று நாச்சிமுத்துவுக்குப் புரிந்துவிட்டது.

அப்போது ஹெல்மெட் வந்து நின்றது. எட்டு வீட்டுக்காரருக்கு இந்தச் சின்னக் கார்டு பொருத்தமில்லை, தங்கக் கலரில் பெரிய கார்டே கொடுக்கலாம், எதற்கும் வீட்டை இன்னொரு முறை பார்த்துவிட்டு வா என்று மேலிடத்தில் ஞானவேலை அனுப்பியிருந்தார்கள். அவர் கையிலிருந்த விலாசத்தைப் பார்த்தார், மனையைப் பார்த்தார், வாழ்க்கையில் முதன்முறையாக ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"வீடு எங்கங்க?"

"உள்ள சுத்திட்டிருக்குதுங்க" என்று நாச்சிமுத்து மெஷினைக் காட்டினான். "வெயில் இப்படியே அடிச்சா மூணு மணிக்கெல்லாம் வந்துரும். இருந்து பார்த்துட்டுப் போங்க."

ஞானவேல் கொஞ்ச நேரம் மெஷினின் கண்ணாடி வழியே உற்றுப் பார்த்தார். மஞ்சளாக ஏதோ போய்ப் போய் வந்தது. அவருக்கு அன்றைக்குப் பதினைந்து வீடு. "அதுவரைக்கும் நிக்க முடியாதுங்க. பக்கத்து வீட்டுலயாவது ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடறேன். அது எங்க?"

செங்கோடன் ஒரு பெரிய வாளியைச் சுட்டிக்காட்டினார். "அது சிவப்புங்க. சாயம் போகும்னு தனியா ஊற வெச்சிருக்கோம்."