பைக்கு இரண்டு விதை

முப்பத்தோரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற கனகசபை, அறுபது வயதில் சீடரானார். அவருடைய குரு வடிவம்மைக்கு வயது நாற்பத்திரண்டு. ஊரில் சிலர் இதைக் கேலி செய்தார்கள். இவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

முதல் நாள் வடிவம்மை அவரிடம் இரண்டு புங்க விதைகளைக் கொடுத்தார். "வீட்டிலே போட்டு வளர்த்துக் கொண்டுவாங்க."

கனகசபை அதுவரை கீரைகூடப் போட்டவர் இல்லை. நாற்றுப் பண்ணையில் போய் விசாரித்தார். பைக்கு இரண்டு விதை போடணும், இரண்டும் முளைத்தால் மெலிந்ததைப் பிடுங்கிவிடணும் என்றார்கள். செம்மண்ணும் மணலும் எருவும் கலந்து ஒரு கறுப்புப் பையில் நிரப்பி, அப்படியே போட்டார்.

பன்னிரண்டாம் நாள் இரண்டும் முளைத்துவிட்டன.

சில நாள் கழித்து, பையைத் தூக்கிக்கொண்டு வடிவம்மையின் மடத்துக்கு வந்தார்.

"அம்மா, எதைப் பிடுங்கட்டும்?"

"எது மெலிசு?"

"அதுதானே தெரியலை. ஸ்கேல் வைத்து அளந்தேன். திங்கட்கிழமை இடது பக்கத்துக் கன்று உயரம். புதன்கிழமை வலது."

"வியாழன்?"

"சமம்."

"சரி, இன்னும் பாருங்க."

இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார். இந்த முறை கையில் ஒரு நோட்டும் இருந்தது. உயரத்துக்கு இத்தனை, இலைக்கு இத்தனை, தண்டின் நிமிர்வுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டிருந்தார்.

வாசல் பெருக்கிக்கொண்டிருந்த இன்னொரு சீடப்பெண் செங்கமலம் எட்டிப் பார்த்தாள். "என்ன சார், இன்னும் ரிசல்ட் வரலையா?"

"சும்மா இரும்மா. இது ஓர் உயிர் விஷயம்."

"அப்போ பிடுங்காதீங்க."

"பிடுங்காவிட்டால் இரண்டுமே போயிடும். அடி இலையைப் பார், மஞ்சளாகுது."

அவள் குனிந்து பார்த்தாள். உண்மைதான்.

கனகசபை குருவின் பக்கம் திரும்பினார். குரல் உயர்ந்தது.

"இதில் என்ன நியாயம் அம்மா? இரண்டையும் நான்தான் புதைத்தேன். ஒரே மண், ஒரே தண்ணீர். முளைன்னு சொன்னேன், முளைத்தது. சொன்னபடி செய்ததுக்கா தண்டனை?"

"நல்லாத்தான் கேட்கிறீங்க," என்றார் வடிவம்மை. "உங்களிடம் படித்த பிள்ளைங்க யாரும் இப்படிக் கேட்டதில்லையா?"

கனகசபை நோட்டை மூடினார்.

"ஒருத்தி கேட்டாள். வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன்."

செங்கமலம் சிரிப்பை அடக்கிக்கொண்டு துடைப்பத்தைப் பார்த்தாள்.

"இத்தனை வருஷம் சிவப்புப் பேனா பிடித்த கைம்மா இது. எத்தனையோ பேரை ஃபெயில் போட்டிருக்கு. இன்றைக்குக் காலையில் இந்தத் தண்டைப் பிடித்துவிட்டு, இழுக்காமலே விட்டுடுச்சு. நீங்களே சொல்லிடுங்க. எதுன்னு சொன்னால் கண்ணை மூடிக்கிட்டுப் பிடுங்கிடறேன்."

வடிவம்மை எழுந்தார். ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். பையைக் கிழித்து, மண் கட்டியை அப்படியே அமிழ்த்தினார். மண் மெல்ல இளகிக் கரைந்தது. வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. பேன் பார்ப்பவர் போல ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒரு வேர் அறுந்தது.

"ஐயோ," என்றார் கனகசபை. அவரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வாளிக்குள் கையை விட்டார்.

வெயில் ஏறுவதற்குள் இரண்டு கன்றுகளும் ஈரச் சாக்கின் மேல் தனித்தனியாகக் கிடந்தன. செங்கமலம் கொட்டகைக்குப் போய் இரண்டு பைகளை எடுத்து வந்தாள். கனகசபை மண் நிரப்பி, ஒவ்வொரு கன்றையும் ஒரு பையில் நட்டு, நிழலில் வைத்தார். கொஞ்சம் தள்ளி நின்று அழகு பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

சட்டென்று அந்தச் சிரிப்பு நின்றது.

"ஏன் அம்மா, இங்கே வேறே பை இருந்ததா?"

"ஒரு கட்டே இருக்கு."

"அப்படின்னா நான் முதலில் வந்தபோதே சொல்லியிருக்கலாமே! வேர் பின்னுவதற்குள் சுலபமாப் பிரித்திருக்கலாமே!"

"பிரித்திருக்கலாம்."

"பின்னே ஏன் சொல்லலை?"

வடிவம்மை விரல் இடுக்கிலிருந்த மண்ணைக் கழுவினார்.

"நீங்க எதைப் பிடுங்கறதுன்னு கேட்டீங்க. கேட்ட கேள்விக்குத்தானே பதில் எழுதணும், வாத்தியாரே?"