புதினா போட்ட சம்பந்தி

ஒட்டங்குழிக்காரர்களிடம் ஒரு வேலை சொன்னால் அதை அப்படியே செய்வார்கள். சொல்லாததை ஊகிக்கிற கெட்ட பழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது. அதிலும் சவேரியும் அவன் தம்பிகள் ஞானப்பு, லூர்து இருவரும் ஊருக்கே பேர் வாங்கிக் கொடுத்தவர்கள்.

அன்றைக்குச் சவேரியின் தங்கை அமலோற்பவத்தைப் பெண் கேட்டு மாப்பிள்ளையின் அப்பா பாண்டிச்சேரியிலிருந்து வருகிறார். இதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தமும் இந்த வீட்டு உபசாரத்தில்தான் முறிந்தன.

"இதுவும் போச்சுன்னா நான் மடத்துல சேர்ந்துடுவேன்" என்று அவள் சொல்லிவிட்டாள். அவள் போய்விட்டால் அடுப்பை எந்தப் பக்கம் பற்றவைப்பது என்றுகூடச் சவேரிக்குத் தெரியாது.

வருகிறவருக்குப் புதினா போட்ட ரம் என்றால் உயிராம். பாண்டியில் ஓட்டல் பாரில் வேலை பார்க்கும் மாமா மகன் ரெமி போனில் பக்குவம் சொன்னான். "ரம்மு, எலுமிச்சை, சர்க்கரை, ஐஸ் எல்லாத்தையும் போட்டு மூடி, கை மரத்துப்போற வரைக்கும் குலுக்கு மச்சான். அப்புறம் வடிகட்டு. புதினாவை ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு ஒரு தட்டு தட்டி, மேல சொருகு. அவ்ளோதான்."

"யாரு உள்ளங்கைன்னு சொல்லலையே" என்றான் லூர்து.

"மூத்தவன் நான். ஒண்ணு என்னோடது."

"அப்ப இன்னொண்ணு என்னோடது" என்றான் ஞானப்பு.

ஒத்திகை பார்த்தார்கள். லூர்து கொல்லையில் புதினா பறித்து வந்து நடுவில் பிடித்தான். இரண்டு பக்கமிருந்தும் இரண்டு கைகள் வீசி வந்தன. இலை தப்பித்தது.

"வாசனை வருதாடா?"

"வலிதாண்ணே வருது."

"ரெமி வலியைப் பத்திச் சொல்லலை" என்றான் சவேரி கவலையோடு.

அடுத்தது குலுக்கல். எல்லாவற்றையும் தூக்குவாளியில் ஊற்றி மூடிச் சவேரி குலுக்கினான். செங்கல் சூளையில் காய்த்துப்போன கை, மரத்துப்போவேனா என்றது. ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

"அண்ணே, பஸ் ஸ்டாண்டு ரோட்டுல என் ஆட்டோவே நல்லாக் குலுங்குது. எப்படியும் அவரைக் கூட்டியாரப் போறேன்" என்றான் ஞானப்பு.

"கை மரத்துப்போகணுமேடா."

"வாளியை அவர் மடியில குடுத்துப் பிடிச்சுக்கச் சொல்றேன். அவருக்கும் இருக்கிறது கைதானே."

சவேரி நெடுநேரம் யோசித்தான். அதில் தப்பு எதுவும் தென்படவில்லை.

ஆட்டோ பெரியவரோடு வாசல் வரை வந்தது. நிற்காமல் திரும்பிப் போயிற்று. இதுவும் போச்சு என்று சவேரி திண்ணையில் உட்கார்ந்துவிட்டான். மறுபடி வந்தபோது பெரியவர் இறங்கினார். சட்டை, துண்டு, மீசை எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன. வாளி காலி. மூடியைக் காணோம்.

"தப்பா நினைக்காதீங்க" என்றார் பெரியவர். "வலது கை அப்பவே மரத்துப்போச்சு. எந்தக் கைன்னு தம்பி சொல்லலை. இடது கையும் மரத்துப்போகட்டும்னு நான்தான் வண்டியைத் திருப்பச் சொன்னேன்."

"முறையாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றான் சவேரி மரியாதையோடு. "சரக்குதான்..."

"பத்திரமா என் மேலதான் இருக்கு."

அண்ணன் தம்பிகள் கூடிப் பேசினார்கள். அடுத்தது வடிகட்டல். அவர் சட்டையைக் கழற்றி டீ வடிகட்டியில் பிழிந்தார்கள். அரை டம்ளர் தேறியது. துண்டை அவரே விடவில்லை.

"புதினாவை எது மேல சொருகறது?" என்றான் லூர்து, தன் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு.

"சரக்கு எது மேல அதிகமா இருக்கோ அது மேல."

தட்டி, பெரியவரின் காதில் சொருகினார்கள். கதவோரம் நின்ற அமலோற்பவம் கண்ணை மூடிக்கொண்டாள்.

பெரியவர் டம்ளரைக் குடித்தார். பிறகு துண்டின் முனையை வாயில் வைத்து உறிஞ்சினார்.

"டம்ளரை விடத் துண்டுலதான் பக்குவம் இறங்கியிருக்கு" என்றார். "பொண்ணை எங்க வீட்டுக்கே குடுத்துடுங்க. கல்யாணத்தன்னைக்கு எங்க ஆளுங்களுக்கும் இதே மாதிரி வெச்சிடுங்க, தலைக்கு ஒரு துண்டு."

"வீடுதாண்ணே மாறப்போகுது" என்று அமலோற்பவம் சவேரியின் காதில் சொன்னாள். "வேற ஒண்ணும் மாறாது." ஆனாலும் சரி என்றாள்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் துண்டும் தோளுமாகக் கோயில் வாசலில் வரிசையில் நின்றார்கள். இருந்ததோ ஒரே ஆட்டோ. பூசை தள்ளிக்கொண்டே போயிற்று. யாரும் குறை சொல்லவில்லை. பங்குச் சாமியாருக்கே இடது கை இன்னும் மரத்துப்போகவில்லை.